வெல்ஷ் மொழியில் ‘கைல்’: ஒரு கப் டீயிலிருந்து தொடங்கலாம்

வெல்ஷ் படிக்க ஆரம்பிப்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் வினைச்சொல் ‘கைல்’. பெறு, கிடை என்று பொருள். வேல்ஸில் ஒரு கடைக்குள் நுழைந்ததுமே தேவைப்படும்.

முதலில் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: ‘கா ஈ பானெட் ஓ டே?’ எனக்கு ஒரு கப் டீ கிடைக்குமா? ‘கா’ என்பது ‘கைல்’ இங்கே எடுக்கும் வடிவம், ‘ஈ’ என்றால் நான். வினை முன்னால் வரும், எழுவாய் அதன் பின்னால்.

அடுத்ததுதான் என்னைப் பல வாரம் படுத்தியது. வாக்கியத்தைத் தமிழில் எழுதிவைத்துப் படித்தேன். வேல்ஸிலுள்ள கார்னர்வன் ஊரில் ஒரு கடையில் அப்படியே கேட்டபோது, அங்கிருந்த அம்மா டீயைத் தந்துவிட்டு, வாக்கியத்தை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். மூன்று இடத்தில் ஒலி வேறு! ‘காங்கேயம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் வல்லென்று இருக்கும், அடுத்தது மெலிந்திருக்கும். ‘கா ஈ’யில் வேண்டியது அந்த இரண்டாவது ஒலி. ‘பானெட்’டுக்குப் ‘பம்பரம்’ என்பதன் இரண்டாவது பகரம். ‘டே’வுக்குப் ‘படம்’ என்பதில் வரும் டகரம்.

ஏன் மெலிகிறது? கேள்விக்கு முன்னால் ‘அ’ என்றோர் இடைச்சொல் உண்டு. பேச்சில் அது உதிர்ந்துவிட்டது, அது உண்டாக்கிய மெலிவு மட்டும் நின்றுவிட்டது. ‘பானெட்’ மெலிவது எழுவாயை அடுத்து வரும் செயப்படுபொருள் என்பதால். ‘டே’ மெலிவது ‘ஓ’வுக்குப் பின் வருவதால். அகராதியில் தேடும்போது மெலியாத வடிவத்தில் தேடுங்கள். அப்புறம், புத்தகத்தைவிட ‘சே சம்திங் இன் வெல்ஷ்’ போன்ற ஒலிப்பாடமே நல்லது என்பேன். காது பழகாமல் இது வராது.

அனுமதி கேட்கவும் இதே வினைதான். ‘கா ஈ விண்ட்?’ நான் போகலாமா?

செயப்பாட்டுவினை நமக்குச் சுலபம். ‘கவொத் அ டீ ஈ அடெய்லாடி’ என்றால் ‘வீடு தன் கட்டுதலைப் பெற்றது’. கல்வெட்டில் ‘கட்டப்பெற்றது’ என்கிறோமே, அதே ‘பெறு’தான். (இந்த ‘டீ’ வீடு. குடிப்பது ‘டே’. இங்கே ‘ஈ’ என்பது ‘தன்’, ‘நான்’ அல்ல.) ‘நான் பிறந்தேன்’ என்பதற்கு ‘கேஸ் ஈ வ ஙெனி’. ஙகரத்தில் தொடங்கும் சொல் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம், நம்மிடம் எழுத்தே இருக்கிறது.

பின்சேர்க்கை: ‘ஆமாம்’ என்பதற்கு என்ன சொல்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சொல் கிடையாது. ‘கிடைக்குமா?’ என்றால் நாம் ‘கிடைக்கும்’ என்போமே, அதுபோல வினையையே திருப்பிச் சொல்வார்கள். கேட்டவரை ‘நீ’ என்று பேசுவதானால் ‘கெய்’, ‘நீங்கள்’ என்று பேசுவதானால் ‘கெவ்ஹ்’. இங்கே ககரம் வல்லென்றே இருக்கும்.