எலிசபெத் ராணியும் தீர்க்கதரிசனமும்: செய்தி கொடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டாம் எலிசபெத்தின் நினைவு நாள் நெருங்கும்போது நம் வாலிப ஊழியர்களில் சிலர் அவரைப் பற்றி ஒரு செய்தி தயாரித்துவிடுகிறார்கள். தலைப்பு பெரும்பாலும் 'தீர்க்கதரிசன வெளிச்சத்தில் ஒரு ராணி' என்ற மாதிரி இருக்கும். 70 ஆண்டுக்கு மேல் ஆட்சி, கடமை தவறாத வாழ்க்கை, ஒளிவுமறைவு இல்லாத விசுவாசம் என்று பொருள் என்னவோ நல்ல பொருள்தான். ஆனால் கேட்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் பொறுமை போய்விடும், இதில் பாதி நானும் ஒரு காலத்தில் மேடையில் சொன்னவை என்பதால் கூடுதலாகவே போய்விடும். தேதிப் பிழை, ஆள் மாறிய படம் போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

70 என்ற எண்

எரேமியா 25-இல் வரும் 70 ஆண்டு, பாபிலோன் ராஜாவைச் சேவித்த அடிமைத்தனத்தின் காலம். அதை ராணியின் ஆட்சிக் காலத்தோடு பொருத்தினால் அவர் நேபுகாத்நேச்சார் ஆகிவிடுவார். பிரான்சின் பதினான்காம் லூயி 72 ஆண்டு ஆண்டார், 1685-இல் புராட்டஸ்டன்ட்டுகளின் வழிபாட்டு உரிமையையும் பறித்தார். அவருக்கு எந்த வசனம் கொடுப்பீர்கள்?

பத்துக் கொம்புகள்

வேண்டாம். தானியேல் 7-இல் நான்காம் மிருகத்துக்குப் பத்துக் கொம்புகள், அவை பத்து ராஜாக்கள். 1981-இல் கிரீஸ் பத்தாவதாகச் சேர்ந்தபோது, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம்தான் அந்தப் பத்துக் கொம்பு என்று உலகம் முழுக்கப் பிரசங்கம் நடந்தது. 1986-இல் அது பன்னிரண்டானது. பிரிட்டன் 2020-இல் வெளியே வந்துவிட்டது.

கிரீடக் கதை

'இயேசு என் காலத்திலேயே வந்தால் இந்தக் கிரீடத்தை அவர் பாதத்தில் வைப்பேன்' என்று எலிசபெத் சொன்னாராம். இது அவருக்கு முன்பே விக்டோரியா ராணியைப் பற்றி வழங்கிவந்த கதை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அதைவிட வலுவான ஒன்று 2022 செப்டம்பர் 19 அன்று தொலைக்காட்சியில் உலகமே பார்க்க நடந்தது. வின்ட்சரில் புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில் அடக்க ஆராதனையின் முடிவில், பெட்டி கீழே இறங்குவதற்கு முன், கிரீடத்தையும் செங்கோலையும் உருண்டையையும் பெட்டியின் மேலிருந்து எடுத்துப் பலிபீடத்தில் வைத்தார்கள். அதே ஆராதனையில் வெளிப்படுத்தின விசேஷம் 21-இன் தொடக்க வசனங்களையும் வாசித்தார்கள். வெளி. 4:10-இல் மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன் வைப்பதைப் பற்றிப் பேச நினைக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தப் பழைய கதையைத்தான் எடுக்கிறார்கள்.

தாவீதின் சிங்காசனத்தை லண்டனுக்குக் கொண்டுபோவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கதை இப்படிப் போகும். எருசலேம் விழுந்தபோது தாவீதின் வம்சத்துக் கடைசி ராஜா சிதேக்கியாவின் மகன்கள் கொல்லப்பட்டார்கள், மகள்கள் தப்பினார்கள். எரேமியா ஒரு மகளை அழைத்துக்கொண்டு கப்பலேறி அயர்லாந்து போனார். அவளை அங்கே ஒரு ராஜாவுக்கு மணமுடித்தார்கள். அந்த வம்சம் ஸ்காட்லாந்து போய், அங்கிருந்து இங்கிலாந்து வந்தது. ஆகவே எலிசபெத் உட்கார்ந்தது தாவீதின் சிங்காசனம், முடிசூட்டு நாற்காலிக்குக் கீழே இருந்த கல் யாக்கோபு பெத்தேலில் தலைக்கு வைத்துப் படுத்த கல். கேட்கும்போது மெய்சிலிர்க்கத்தான் செய்யும். சபையில் 'அல்லேலூயா' சத்தமும் எழும்பும்.

இந்தப் போதனைக்குப் பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஜான் வில்சன், எட்வர்ட் ஹைன் போன்றவர்கள் இதைப் பரப்பினார்கள், சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலம் அது. பிறகு அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் வானொலி வழியாக இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அவர் 1986-இல் இறந்தார், அவர் தொடங்கிய சபையே 1990-களில் இந்தப் போதனையைக் கைவிட்டது. அவர்களே விட்டதை இங்கே சிலர் புது வெளிப்பாடு என்று எடுத்துவருகிறார்கள்.

வேதாகமத்தையே திறந்து பார்க்கலாம். எரேமியா 43:6-7-இல் ராஜாவின் குமாரத்திகள் வருகிறார்கள். எரேமியாவையும் அவர்களோடு சேர்த்துத்தான் கொண்டுபோகிறார்கள், சரி. போய்ச் சேர்ந்த இடம் எகிப்தில் தக்பானேஸ். அதோடு அந்தப் பெண்கள் வேதாகமத்தை விட்டே மறைந்துவிடுகிறார்கள். கப்பலும் கிடையாது, அயர்லாந்தும் கிடையாது. அடுத்து எசேக்கியேல் 21:27. கவிழ்ப்பேன் என்று மூன்று முறை வருகிறது, எருசலேமிலிருந்து அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று மூன்று இடமாற்றம் என்பார்கள். அதே வசனத்தின் அடுத்த வரியை வாசிப்பதில்லை. உரிமைக்காரர் வருமட்டும் அது இல்லாதிருக்கும் என்கிறது. இல்லாதிருக்கும் என்று தீர்க்கதரிசி சொல்லும் சிங்காசனத்தை இவர்கள் ஒவ்வொரு தலைநகரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

கல்லுக்கு வருவோம். அது மணற்கல், புவியியலாளர்கள் ஆராய்ந்து, ஸ்காட்லாந்தில் ஸ்கோன் பகுதியிலேயே கிடைக்கும் கல் என்று சொல்லிவிட்டார்கள். பெத்தேல் இருக்கும் மலைநாடு சுண்ணாம்புக்கல் பூமி. முதலாம் எட்வர்ட் 1296-இல் ஸ்காட்லாந்துக்காரர்களிடமிருந்து பறித்துவந்த கொள்ளைப் பொருள் அது. 1950 கிறிஸ்துமஸ் அன்று ஸ்காட்லாந்து மாணவர்கள் சிலர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள், அந்தக் கதை தனி. 1996-இல் முறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். யாக்கோபு எண்ணெய் வார்த்த கல் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றை எந்த இடத்தில் செருகுவார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

வம்சக் கணக்கும் இப்படித்தான். 1701-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது, கத்தோலிக்கர்கள் சிங்காசனம் ஏறக் கூடாது என்று. அதன்படி 1714-இல், இரத்த உறவில் இன்னும் நெருக்கமான ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டி, ஜெர்மனியிலிருந்த ஹனோவர் ஜார்ஜைக் கூப்பிட்டு ராஜாவாக்கினார்கள். யார் ஆளுவது என்று முடிவு செய்தது சட்டம்.

இதையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று 2 சாமுவேல் 7-இல் தாவீதுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் எங்கே நிறைவேறியது என்று லூக்கா 1:32-33-இல் காபிரியேல் மரியாளிடம் சொல்லிவிட்டார், அப்போஸ்தலர் 2-இல் பேதுரு அதையே எருசலேம் ஜனங்களுக்கு முன் பிரசங்கித்தார். உயிர்த்தெழுந்தவரிடம் வந்து நின்ற வாக்கை எடுத்து பக்கிங்காம் அரண்மனையில் வைக்கிறீர்கள் என்றால், கிறிஸ்துவுக்கு மிச்சம் என்ன? அந்த ராணியே இதை ஏற்றிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் செய்தியில், தேவன் உலகத்துக்கு அனுப்பியது ஒரு தத்துவஞானியையோ படைத்தளபதியையோ அல்ல, மன்னிக்க வல்லமையுள்ள ஒரு இரட்சகரை என்று சொன்னவர் அவர்.

ஒரு வாலிபர் முகாமில் இந்த யாக்கோபு கல் செய்தி கொடுத்தார்கள். பின்வரிசையில் கல்லூரி மாணவன் ஒருவன் செய்தி முடிவதற்குள் போனில் தேடிப் பார்த்துவிட்டான். சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்து, "அண்ணே, இதுவே கட்டுக்கதைன்னா பெத்லகேம், உயிர்த்தெழுதல் எல்லாம் மட்டும் எப்படிண்ணே நம்புறது?" என்று கேட்டான். நான் உட்கார்ந்து விளக்கினேன், அவனும் மரியாதைக்குத் தலையாட்டினான். அடுத்த ஆண்டு முகாமுக்கு அவன் வரவில்லை. செய்தி கொடுத்தவர் அதே செய்தியோடு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்புறம், அந்த வாழ்க்கையின் கடமைக்கு என்ன ஆகிறது? விதித்த சிங்காசனம், விதித்த ராணி என்றால் அதில் கடமை எங்கே? அவர் பட்டத்துக்குப் பிறந்தவரே இல்லை. பெரியப்பா எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடி துறந்ததால், பத்து வயதில் வாரிசு வரிசையின் முன்னால் வந்து நின்றவர். 1947-இல் தன் 21-ஆம் பிறந்தநாளில் கேப்டவுனிலிருந்து வானொலியில், தன் வாழ்நாள் நீண்டாலும் குறுகினாலும் அது முழுவதும் மக்களின் சேவைக்கே என்று வாக்குக் கொடுத்தார். அதை நிறைவேற்றத் தேவன் உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சாவதற்கு இரண்டு நாளுக்கு முன், 96 வயதில், பால்மோரலில் கைத்தடியை ஊன்றி நின்று புதிய பிரதமரை நியமித்தார். இடைப்பட்ட 75 ஆண்டையும் அவர் வாக்குக் காத்தவராகக் கழித்தார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அதை வம்சாவளிப் பட்டியலுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அபிஷேகம் என்றதும் மேசியாவின் நிழல்

1953 ஜூன் 2 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த அபிஷேகத்தைக் கேமராக்கள் காட்டவில்லை. ராஜ அங்கியைக் கழற்றிவிட்டு, எளிய வெள்ளை உடையில், விதானத்துக்குக் கீழே உட்கார்ந்தார். பாடகர் குழு பாடியது 1 இராஜாக்கள் 1-இல் சாதோக் சாலொமோனை அபிஷேகம் பண்ணும் வார்த்தைகளை, ஹேண்டல் 1727-இல் அமைத்த இசையில். இவ்வளவும் உண்மை, இதை வைத்து ராணியை மேசியாவின் நிழலாக்கிவிடுகிறார்கள். ஆனால் சவுலும் அபிஷேகம் பெற்றவன்தான். சீரியாவின் ஆசகேலையும் அபிஷேகம் பண்ணச் சொல்லி எலியாவுக்குக் கட்டளை வந்தது. பெர்சிய ராஜா கோரேசும் அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்று ஏசாயா 45 சொல்கிறது, அவனோ கர்த்தரை அறியாதவன். எண்ணெய் ஊற்றியதை வைத்து மட்டும் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

அந்த ஆராதனையில் தவறவிடக் கூடாத இடம் வேறு. ராணியின் கையில் வேதாகமத்தைக் கொடுத்து, இந்த உலகம் தரக்கூடிய மிகவும் விலையேறப்பெற்ற பொருள் இது என்றார்கள். 1689-இலிருந்து வரும் வழக்கம். 2 இராஜாக்கள் 11-இல் சிறுவன் யோவாசுக்கு முடிசூட்டும்போது கிரீடத்தோடு சாட்சியின் ஆகமத்தையும் கொடுக்கிறார்கள். அதற்கும் பின்னால் உபாகமம் 17:18-20 நிற்கிறது. ராஜா தனக்கென்று நியாயப்பிரமாணத்தின் ஒரு பிரதியை எழுதிவைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசித்து, தன் சகோதரர்மேல் இருதயம் மேட்டிமை கொள்ளாமல் இருக்க வேண்டும். ஒரு ராணியின் கடமையை வேதத்தால் அளக்க வேண்டுமென்றால் இந்த மூன்று வசனமே ஒரு மணி நேரச் செய்திக்குப் போதும். முடிசூடுவதற்கு முந்தைய கிறிஸ்துமஸில், 1952-இல், நீங்கள் எந்த மதத்தவரானாலும் அந்த நாளில் எனக்காக ஜெபியுங்கள் என்று 26 வயதில் அவர் கேட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஏசாயா 49:23

ராணிகள் கைத்தாய்களாய் இருப்பார்கள் என்பது சீயோனுக்குச் சொன்ன வார்த்தை. இங்கிலாந்தின் ராணிகளுக்கு இதைச் சூட்டுவது பழைய பழக்கம். சூட்டுகிறவர்கள் அடுத்த வரியில் அதே ராணிகள் தரையில் விழுந்து கால் தூளை நக்குவதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

தீர்க்கதரிசி துதிபாடி அல்ல

தீர்க்கதரிசனம் என்றால் எதிர்காலம் சொல்வது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவதால் வரும் தவறு இது. நாத்தான் தீர்க்கதரிசி, பாவம் செய்த தாவீதைப் பார்த்து 'நீயே அந்த மனுஷன்' என்றார். 1 சாமுவேல் 8-இல் ராஜா உங்கள் மகன்களையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் முன்கூட்டியே எச்சரித்தார். எசேக்கியேல் 34 மேய்ப்பர்களைக் கேள்வி கேட்கிறது. எலிசபெத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்கிறவர் சாம்ராஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதுவும் அந்தச் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த நாட்டிலிருந்து பேசும்போது. 1997-இல் அவர் ஜாலியன்வாலாபாக் வந்து மலர்வளையம் வைத்தார், தலைகுனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல ராணி என்று சொல்லிக்கொண்டே இதையும் சொல்லலாம், சபை உடைந்துவிடாது.

சார்ல்ஸ் 666

ராணியின் மகன் சார்ல்ஸ் ராஜாவின் பெயர் எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டி, வெளி. 13-இல் மிருகத்துக்குச் சொன்ன 666 என்ற எண்ணைக் காட்டும் அந்த ஃபார்வர்டு இன்னும் சுற்றுகிறது. அவருடைய கேடயச் சின்னத்தில் சிங்கம் இருக்கிறதாம், ஆகவே வெளி. 13 மிருகமாம். சிங்கம் இல்லாத ராஜ சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 2023 மே 6 அன்று அவருடைய முடிசூட்டு விழாவில் வாசித்த சுவிசேஷ பாகம் லூக்கா 4:16-21, நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் புஸ்தகத்தை விரித்து வாசித்து, இந்த வாக்கியம் இன்று நிறைவேறிற்று என்று சொல்லும் இடம். ராஜாவையும் தீர்க்கதரிசனத்தையும் சேர்த்துப் பேசியே ஆக வேண்டும் என்கிறவர்கள் அந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு, தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்பதை ஒரு ராஜா என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியோடு வாசித்துத் தயாரிக்கலாம். கூட்டல் கணக்கு போட்டு எனக்கு அனுப்ப வேண்டாம்.