சிறுகதை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு: பிடித்த கதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆசையாக எடுத்த சிறுகதைத் தொகுப்பு நாலாவது கதையோடு நின்றுபோவதற்குக் கதைகள் காரணமாக இருப்பது அபூர்வம். நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிப்பதுதான் பெரும்பாலும் சிக்கல். நாவலில் ஆட்களோடு ஒருமுறை பழகிவிட்டால் போதும். தொகுப்பில் கதைக்குக் கதை புது ஆட்கள், புதுக் குரல். முந்தைய கதை மனசைவிட்டு இறங்கும் முன்பே அடுத்தது ஏறினால் இரண்டும் கலங்கிவிடும்.

படி 1: திரட்டிலிருந்து தொடங்குங்கள்

பலர் எழுதிய 15, 20 கதைகள் கொண்ட திரட்டு ஒன்று போதும். ஒரே எழுத்தாளரின் முழுத் தொகுப்பு இப்போது வேண்டாம். காலவரிசையில் அடுக்கிய தொகுப்பில் அவர் கை பழகாத நாளில் எழுதியவைதான் முன்னால் இருக்கும். அதை வைத்தே அவரை எடைபோட்டு விடுவோம். ‘மௌனி மொத்தமே சுமார் 24 கதைகள்தானே எழுதினார், அவரை முடித்துவிடலாமே’ என்று தோன்றலாம். அவர் நடை அடர்த்தியானது. சில மாதம் கழித்துப் போங்கள்.

படி 2: கோப்பைச் சரிபாருங்கள்

இணையத்தில் இலவசமாக வாசிக்க, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் தொகுப்பு நல்ல இடம். புதுமைப்பித்தன் கதைகள் அங்கே கிடைக்கின்றன. திறந்ததும் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் அது யூனிகோடுக்கு முன்பு புழங்கிய டிஸ்கி (TSCII) எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள பழைய கோப்பு. யூனிகோடு வடிவத்தைத் தேடி எடுங்கள். கைபேசியில் வாசிப்பவர்கள் பிடிஎஃபை விட்டு இபப் (EPUB) மின்னூல் வடிவத்துக்குப் போவது நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் அடங்கும். பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியதில்லை.

தலைப்பை முழுதாகத் தட்டித் தேடாதீர்கள். ‘கந்தசாமிப் பிள்ளை’ என்பதில் ஒரு ‘ப்’ விட்டுப்போனாலே சில தேடல்களில் கதை அகப்படாது. தலைப்பில் ஒற்று மிகாத ஒரு சொல்லும் எழுத்தாளர் பெயரும் போதும்.

படி 3: ஒரே அமர்வு

நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தால் 3,000 சொல் கதைக்கு 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தை முதலில் ஒதுக்கிவிட்டுக் கதையைத் திறங்கள். ஒரே அமர்வில் முடியாத படைப்பு தன் விளைவின் ஒருமையை இழந்துவிடும் என்று எட்கர் ஆலன் போ 1846இல் எழுதினார். பாதியில் வைத்துவிட்டு மறுநாள் தொடர்ந்தால் சம்பவம் நினைவிருக்கும், தொனி போயிருக்கும். அப்படி விட்டுப்போனால் மறுபடி முதல் வரியிலிருந்தே தொடங்குங்கள்.

படி 4: முடிந்ததும் முதல் பத்திக்குத் திரும்புங்கள்

புதிதாக வாசிக்க வருபவர்கள் வழுக்குவது இங்கேதான். ‘சட்டென்று முடிந்துவிட்டது, ஒன்றும் புரியவில்லை’ என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சிறுகதையில் முடிவு, சம்பவம் நின்ற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் வைத்த ஒன்றின் பொருள் மாறுகிற இடமாகவும் அது இருக்கலாம். அந்தத் தொடக்கம் நமக்கு மறந்திருக்கும். அதனால்தான் முடிவு அந்தரத்தில் நிற்கிறது.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இதற்கு நல்ல பயிற்சி. சில பக்கங்களே உள்ள கதை. அந்த நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று வாசகனிடம் கேட்டுத் தொடங்குகிறது. கடைசி வரி அதே பெயருக்குத் திரும்புகிறது. முடித்த கையோடு முதல் பத்தியை மறுபடி பாருங்கள். முதலில் சாதாரண வர்ணனையாகக் கடந்துபோன சொற்கள் இப்போது சுடும். எந்தக் கதையானாலும் இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அப்படியும் திறக்காத கதையை ஒரு வாரம் ஆறப்போடுங்கள். விளக்கக் கட்டுரையைத் தேடி ஓடாதீர்கள். அடுத்தவர் சொன்ன பொருள் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம்.

படி 5: ஒரு வரி

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்: ‘கடைசிவரை அவள் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை’, ‘பேச்சு நின்ற பிறகு வந்த மழை.’ பிடிக்காத கதைக்கும் ஒரு வரி உண்டு. செயலிகளில் நட்சத்திரம் போடுவதைவிடச் சின்னக் காகித நோட்டு மேல். நான்கு நட்சத்திரம் கொடுத்தது ஏன் என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. பத்து வரி சேர்ந்ததும் மொத்தமாகப் படித்தால், உங்களைப் பிடித்தது உரையாடலா, மௌனமா, அங்கதமா என்பது தெரியவரும்.

படி 6: நூல் பிடித்துப் போங்கள்

பிடித்த கதையிலிருந்து மூன்று வழி பிரிகிறது. அதே எழுத்தாளர் வெவ்வேறு காலத்தில் எழுதிய மூன்று கதைகள். அந்தத் திரட்டைத் தொகுத்தவரின் வேறு திரட்டு. அந்த எழுத்தாளரோடு ஒரே பத்திரிகையில் எழுதியவர்கள். கடைசி வழிதான் அதிகம் தரும். புதுமைப்பித்தனைப் பிடித்தவர் அவர் எழுதிய ‘மணிக்கொடி’ இதழைத் தொடர்ந்தால் கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, மௌனி மூவரிடமும் வந்து சேர்வார். ஒருவர்போல் இன்னொருவர் எழுத மாட்டார்.

பிற்சேர்க்கை: ‘ஒலிவடிவில் கேட்கலாமா?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இரண்டாம் வாசிப்புக்குத் தாராளமாகக் கேளுங்கள். முதல்முறை மட்டும் கண்ணால் வாசியுங்கள். எந்த வரியில் நிற்பது என்பதை வாசிக்கிற குரல் உங்களுக்காக முடிவு செய்துவிடும், ஐந்தாம் படியில் எழுத வரி கிடைக்காது.