கோழிக்கு மருந்து கலக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தரைவீட்டுத் தோட்டத்தில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஒரு கோழி தூங்கி விழுது, என்ன மருந்து கொடுக்கலாம்?" எச்சம் எப்படி இருக்கிறது, தீனிப்பை நிறைந்திருக்கிறதா, காலியா என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான், நாங்களும்தான். அழுக்குத் தண்ணீர், பழைய தீவனம் போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

இயல்பானதை நோயென்று எண்ணுவது

எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை கடுகு நிறத்தில் கூழாக, நாற்றத்தோடு ஒன்று விழும். அது குடல்வால் எச்சம், வயிற்றுப்போக்கு அல்ல. அடைக்கோழி ஒரு நாளைக்குச் சிலமுறைதான் எழுந்து, பெரிய கட்டியாக எச்சமிடும். இறகு உதிரும் பருவத்தில் முட்டை நிற்கும். பிற்பகல் வெயிலில் இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். இவற்றில் எதற்கும் மருந்து தேவையில்லை.

எல்லா மருந்தையும் ஒரே தண்ணீரில் கலப்பது

நம்மை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். குஞ்சுகளின் உயிரை அதிகம் வாங்குவதும் இதுவே.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறோம். டிசம்பர் மழையில் கூண்டின் தரை ஊறிக் கிடக்கும். ஐந்து வாரக் குஞ்சு ஒன்று இறகைச் சிலிர்த்து மூலையில் ஒடுங்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். உடனே, ஊருக்குப் போனபோது வாங்கி வந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடி, ரத்தக்கழிச்சல் மருந்தான ஆம்ப்ரோலியம், "தெம்புக்கு" பி காம்ப்ளெக்ஸ் என மூன்றும் ஒரே தொட்டியில் போகும். மூன்றாம் நாள் குஞ்சு செத்துவிடும். "மருந்து கொடுத்தும் பிழைக்கவில்லை" என்பார்கள்.

மருந்து வேலை செய்ய வழியே விடவில்லை என்பதுதான் உண்மை. ரத்தக்கழிச்சலை உண்டாக்குவது ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி, பாக்டீரியா அல்ல. டெட்ராசைக்ளின் அதைத் தொடாது. ஆம்ப்ரோலியம் பார்வைக்கு வைட்டமின் பி1 போன்றது. ஒட்டுண்ணி அதைப் பி1 என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினியாகச் சாகும். அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸில் உள்ள உண்மையான பி1-ஐ நாமே கரைத்து வைத்தால் ஒட்டுண்ணிக்கு விருந்து வைத்த கதைதான். வைட்டமின் கொடுக்க வேண்டுமானால் மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

சரியான முறை: முதலில் நான்கைந்து கோழிகளின் புது எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, உறைய விடாமல் குளிர்பெட்டியில் வைத்து, அன்றே கோழி பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஐமீரியாவா, குடற்புழுவா என்பது தெரியும். ரத்தக்கழிச்சல் என்று அவர் உறுதி செய்தால், ஆம்ப்ரோலியத்தின் வழக்கமான அளவு லிட்டருக்கு 240 மில்லிகிராம். 20 சதவீதப் பொடியென்றால் லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். பிறகு அதில் கால்பங்கு, அதாவது 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். பொட்டலத்தின் சதவீதத்தை முதலில் பாருங்கள். எல்லாமே 20 அல்ல. தேக்கரண்டியை நம்பாமல் நகை நிறுக்கும் சிறு தராசில் நிறுங்கள்.

வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ கால் லிட்டர் குடிக்கும். நம் வெக்கையில் அது இரட்டிப்பாகலாம். தனியார் வீட்டுக்கு அனுமதியுள்ள 10 கோழிக்கும் காலையில் 3 லிட்டர் கலந்து, தீரத் தீரப் புதிதாகக் கலக்கலாம். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். வேறு தண்ணீர் எதுவும் எட்டக்கூடாது. மழைநீர் தேங்கிய பூந்தொட்டித் தட்டுகூட. சோர்ந்த குஞ்சு தானாகக் குடிக்காது. அதைப் பிரித்து வைத்து, அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

தரையைக் கவனிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் நம் ஈரவெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குளோரின் அவற்றைக் கொல்லாது. தினமும் எச்சத்தை அள்ளுங்கள், நனைந்த மரத்தூளை மாற்றுங்கள், தட்டுகளில் கொதிநீரை ஊற்றுங்கள்.

கூட்டமாகச் சாகும்போது மருந்து தேடுவது

ஓரிரு நாளில் பல கோழிகள் சாவது, கழுத்து முறுக்குவது, கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது: வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். இரண்டும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் பயன்படாது. செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், புதைக்காதீர்கள், மற்றதை யாருக்கும் கொடுக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடைச் சேவைப் பிரிவை உடனே அழையுங்கள்.

மாதாமாதம் பூச்சிமருந்து

சோதித்துப் பார்த்துப் புழு இருந்தால் மட்டும் கொடுங்கள். பைப்பரசின் உருண்டைப்புழுவுக்குத்தான், நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது.

கொண்டை மீண்டும் சிவந்ததும் மருந்தை நிறுத்துவது

கூடாது. 5 நாள் என்றால் 5 நாள்.

மருந்து நாள் முட்டை

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம். எந்த நாளிலிருந்து உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, கூண்டின் கதவில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள்.