ஹூவேயில் விட்ட சைக்கிளை மீண்டும் எடுத்து ஹாய் வான் கணவாய் ஏறுவது எப்படி?

வியட்நாமை வடக்கிலிருந்து தெற்காகச் சைக்கிளில் கடக்கக் கிளம்புகிறவர்களில் சிலர் பாதியிலேயே ஊர் திரும்ப நேர்கிறது. விடுப்பு தீர்ந்துவிடும், இல்லாவிட்டால் நாட்டின் நடுப்பகுதியில் பெய்யும் மழை விரட்டிவிடும். ஹூவே நகர விடுதி ஒன்றில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வந்தவர், சில மாதங்கள் கழித்து, ஹூவேக்கும் தெற்கேயுள்ள டா நாங் நகருக்கும் இடையிலான ஹாய் வான் மலைக் கணவாய் வழியாகப் பயணத்தைத் தொடரும் வழி இது. பழைய பயணத்தின் மறுநாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உடம்புக்கும் வண்டிக்கும் இது முதல் நாள்தான்.

படி 1: மாதம்

ஹூவேயில் அக்டோபரும் நவம்பரும் கொட்டித் தீர்க்கும். மார்ச், ஏப்ரல் நல்லது. டெட் எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பஞ்சர் ஒட்டக்கூட ஆள் கிடைப்பது கடினம்.

படி 2: விசா

2023 ஆகஸ்ட் முதல் மின்விசா 90 நாட்கள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விண்ணப்பத்தில் நுழைவிடத்தைக் கவனமாகக் குறியுங்கள். டா நாங் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஹூவே போகலாம். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்: கடலை ஒட்டி, நீங்கள் ஏறப்போகும் மலையைச் சுற்றித்தான் தண்டவாளம் போகிறது.

படி 3: வண்டியைச் சோதித்தல்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதலில் இரண்டு டயரிலும் காற்றடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எது தளர்ந்திருக்கிறதோ அந்த டியூபை மாற்றுங்கள். டயரின் பக்கச் சுவரை விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதை நம்பிச் சுமையேற்ற வேண்டாம்.

அடுத்து செயின். ஈரக் காற்றில் மேலாகப் பிடித்த துரு எண்ணெய்த் துணிக்குப் போய்விடும். மடக்கினால் விறைத்து நிற்கும் கண்ணிகள்தான் தொல்லை. தேய்மானத்தை அளக்கச் சாதாரண ஸ்கேல் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஆணியின் நடு விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 என்றால் பின்பக்கப் பல்சக்கரமும் போயிருக்கும்.

பிரேக் கட்டைகள் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் உப்புத்தாளில் தேயுங்கள். பிரேக் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதிது மாட்டுங்கள். கேரியர் திருகுகளை முறுக்கிப் பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால், பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். சாலையோரக் கடைகளின் பம்புகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கானவை.

படி 4: வெள்ளோட்டம்

முழுச் சுமையோடு துவான் ஆன் கடற்கரைக்குப் போய்த் திரும்புங்கள். போக 15 கிலோமீட்டருக்குள்தான், சமதளம். எங்காவது கடகடவென்று சத்தம் வந்தால், திருத்திக்கொள்ள நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. சீட்டின் உயரத்தை இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். முழங்கால் வலி மூன்றாம் நாள்தான் தெரியும், அப்போது கணவாயின் நடுவில் நிற்பீர்கள்.

படி 5: கணவாயடியிலுள்ள லாங் கோ ஊர் வரை

தேசிய நெடுஞ்சாலை 1 நேராகப் போகும், லாரிகளும் அதில்தான் போகும். பொழுது இருந்தால் காயலையும் கடலையும் பிரிக்கும் நிலத்துண்டின் வழியாகப் போய்ப் பிறகு நெடுஞ்சாலையில் சேருங்கள். தூரம் கூடும், எனக்கு அது நட்டமாகத் தோன்றவில்லை. அதிகாலையில் கிளம்பி, உச்சிவெயிலில் ஊஞ்சல் துணி கட்டிய காப்பிக் கடை எதிலாவது படுத்துவிடுங்கள். ஒரு காப்பி வாங்கினால் தூங்குவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரவு லாங் கோ ஊரில் தங்குங்கள். விடுதிப் பதிவுக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

படி 6: கணவாய்

உச்சி 496 மீட்டர். லாங் கோ பக்கமிருந்து சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். மலையடிச் சுரங்கப்பாதை 2005இல் திறந்ததிலிருந்து பெரும்பாலான வாகனங்கள் அதற்குள் போய்விடுகின்றன. சைக்கிளுக்கு அங்கே அனுமதியில்லை. ஆனால் சாலை முழுக்கக் காலி என்று எண்ண வேண்டாம். சுரங்கத்துக்குள் விடப்படாத எரிபொருள் லாரிகள் இந்த வழியாகத்தான் வரும், எனவே வளைவுகளில் வலது ஓரத்தை விடாதீர்கள். மிக இலகுவான கியரில், பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில் ஏறுங்கள். இறங்கி உருட்டினாலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மேகம் மூடினால் உச்சியில் குளிரும். மேல்சட்டையை அடிப்பையில் புதைக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தபடி போனால் ரிம் கொதிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். டா நாங் போனதும் கட்டைகளில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் அந்த நகரிலேயே மாற்றிவிட்டுத் தெற்கே கிளம்புங்கள்.