நியூசிலாந்துக் காட்டில் தன்னார்வப் பணி: பூட்ஸைக் கழுவுவதில் தொடங்குங்கள்

நியூசிலாந்தில் ஆறு வாரம் காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலை செய்தேன் என்றதும், கிவிப் பறவையின் குஞ்சைக் கையில் ஏந்திய புகைப்படம் எங்கே என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு படம் இல்லை. கிவியை நான் பார்க்கவே இல்லை. இரவில் அதன் குரலைக் கேட்டேன், அவ்வளவுதான். நான் செய்தது இது: மரப்பெட்டிப் பொறிக்குள் செத்துக் கிடக்கும் எலியை எடுத்து எறிந்துவிட்டு, புதிய இரை வைத்து, பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடப்பது. இந்த வேலைக்குப் போக விரும்புபவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே எழுதுகிறேன். விமானச் சீட்டு எடுப்பது, பெட்டி கட்டுவது போன்றவை உங்களுக்கே தெரியும்.

1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. எல்லோரும் அப்போதே போக ஆசைப்படுகிறார்கள். ஆனால் மரக்கன்று நடுவது குளிர்காலத்து வேலை, ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. இரவில் உட்கார்ந்து கிவியின் குரல்களை எண்ணும் கணக்கெடுப்பும் மே, ஜூன் மாதங்களில், நிலவில்லாத இரவுகளில்தான் நடக்கும். மலைக் குடில்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் பொறிவரிசை நடைக்கும் (வரிசையாக வைத்த பொறிப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது) கோடை வசதி. எந்த வேலை என்று தெரியாமல் தேதி குறித்தால், நடுவதற்குப் போய்க் களை பிடுங்கிவிட்டுத் திரும்புவீர்கள்.

2. இடம் தேடுவது

வழிகள் மூன்று. முதலாவது, அரசின் பாதுகாப்புத் துறை. 1987இல் தொடங்கிய இத்துறையின் கையில் 950க்கு மேற்பட்ட மலைக் குடில்கள் இருக்கின்றன. தன்னார்வ வாய்ப்புகளை வட்டாரவாரியாக அதன் இணையதளத்திலேயே அறிவிக்கிறார்கள். இரண்டாவது, உள்ளூர்க் குழுக்களும் அறக்கட்டளைகளும். வெலிங்டன் நகருக்குள்ளேயே 225 ஹெக்டேருக்கு வேலி போட்டு வைத்திருக்கும் ஸீலாண்டியா ஓர் எடுத்துக்காட்டு. ஆக்லாந்திலிருந்து படகில் போகும் டிரிடிரி மட்டாங்கி தீவு இன்னொன்று. மேய்ச்சலில் மொட்டையாகிக் கிடந்த அந்தத் தீவில் 1984 முதல் பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் மரங்களை நட்டார்கள். மூன்றாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு 'அனுபவம்' விற்கும் ஏஜென்சிகள்.

மூன்றாவதன் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பணம் கொடுத்தால், நமக்காக வேலையை உருவாக்குகிறார்கள், காட்டுக்காக அல்ல. நான் இரண்டாவது வழியில் போனேன். தெற்குத் தீவின் மேற்குக் கரையில் ஒரு சிறிய குழு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி என்னைப் பின்னால் விட்டுவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கடிதம் எழுதும்போது இயற்கையின் மீதுள்ள காதலைப் பற்றி மூன்று பத்தி வேண்டாம். எத்தனை வாரம் இருப்பீர்கள், ஒரு நாளில் ஏற்ற இறக்கத்தில் எத்தனை கிலோமீட்டர் நடப்பீர்கள், முதலுதவி தெரியுமா, வண்டி ஓட்டுவீர்களா. இந்த நான்குக்கும் விடை இருந்தால் பதில் வரும்.

3. விசா: இலவசக் கட்டிலும் சம்பளம்தான்

சம்பளம் வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். நியூசிலாந்துக் குடிவரவு விதிகளில் 'வேலை' என்பதற்கு அளவுகோல் சம்பளம் அல்ல. ஆதாயமோ கைம்மாறோ கிடைக்கிறதா என்பதே. பணமதிப்பு உள்ள எதுவும் அதில் அடங்கும். உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் தங்குமிடமும் சாப்பாடும்கூட.

எனக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் 'வாரம் ஐந்து நாள் உதவிக்கு ஈடாகத் தங்குமிடம் இலவசம்' என்று இருந்தது. அதைப் பெருமையோடு சுற்றுலா விசா விண்ணப்பத்தில் இணைக்கப் போனேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முந்தைய நாள் விதியைப் படித்தேன். குழுவுக்கு எழுதி ஏற்பாட்டை மாற்றிக்கொண்டேன்: தங்கும் செலவு முழுவதும் என்னுடையது, அவர்களிடமிருந்து எதுவும் பெறமாட்டேன். கடிதமும் அப்படியே மாறியது. செலவு கூடியது, தூக்கம் வந்தது.

கைம்மாறாகத் தங்குமிடம் வேண்டும் என்றால் அதற்கு இடம் தரும் விசாவைத்தான் எடுக்க வேண்டும். மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கு வேலையும் செய்துகொண்டு ஊரும் சுற்ற இடம் தரும் வொர்க்கிங் ஹாலிடே விசா உண்டு. மற்றவர்கள் குடிவரவுத் துறையின் தளத்தில் தங்கள் நாட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஏஜெண்ட் சொல்வதைக் கேட்டு அல்ல.

4. பூட்ஸ்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வௌவாலைத் தவிர வேறு நிலப் பாலூட்டியே இல்லாமல் வளர்ந்த காடு அது. பறக்கத் தெரியாத பறவைகள் தரையில் கூடு கட்டி நிம்மதியாக இருந்தன. பிறகு கப்பலில் எலி வந்தது. முயல் வந்தது. முயலை ஒழிக்க 1880களில் ஸ்டோட் என்ற, கீரி போன்ற சிறு விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயலை விட்டுவிட்டுப் பறவைகளைப் பிடித்தது. வெளியிலிருந்து வந்தவற்றால் கெட்டுப்போன நாடு என்பதால், வெளியிலிருந்து வரும் எதையும், உங்கள் காலடி மண் உட்பட, அங்கே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பயன்படுத்திய பூட்ஸ், கூடாரம், மலையேற்றச் சாமான் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம், நியூசிலாந்து டாலரில். நான் தெரிவித்தேன். பூட்ஸையும் கழுவித்தான் வைத்திருந்தேன், அடிப்பாகம் பளபளவென்று இருந்தது. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குத் தெம்பு வந்தது.

அடுத்து, கணுக்காலுக்கு மேல் கட்டும் உறையை எடுத்தார். அதன் வெல்க்ரோ பட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கொக்கி நூல்களுக்கு நடுவே புல்விதைகள். ஒன்று இரண்டல்ல, சிறு இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். நான் எண்ணுவதைப் பதினொன்றில் நிறுத்திவிட்டேன். பிறகு கூடாரத்தை விரித்தார். மூலையில் முளைக்குச்சிப் பை, அதன் அடியில் காய்ந்த மண், ஒரு தேக்கரண்டி அளவு. கூடாரம் சுத்திகரிப்புக்குப் போனது. தெரிவித்திருந்ததால் அபராதம் இல்லை. ஆனால் அன்றைய பஸ்ஸைத் தவறவிட்டேன், ஓர் இரவு விடுதிச் செலவும் சேர்ந்தது. தவறு முழுக்க என்னுடையது. அந்த அதிகாரி என்னைவிடப் பொறுமைசாலி.

இப்போது நான் செய்வது இப்படி. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள், காய அவகாசம் வேண்டும். பூட்ஸின் கயிற்றை முழுவதும் உருவுங்கள். உள்பாதத் தகட்டை வெளியே எடுங்கள். அதற்கடியில் எப்போதும் மண் இருக்கும். அடிப்பள்ளங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். அது வளைந்துகொடுக்கும், வேலைக்கு ஆகாது. நகம் தேய்க்கும் முரட்டு பிரஷ்தான் சரி. பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டியதைக் குச்சியால் கிண்ட வேண்டும். நாக்குப் பகுதி பூட்ஸோடு சேரும் மடிப்பில் விரலை விட்டுத் துழாவுங்கள். வெல்க்ரோவுக்கு இடுக்கியும் பூதக்கண்ணாடியும். மழைச்சட்டைப் பைகளைப் புறம் திருப்பி உதறுங்கள். கம்பளிக் காலுறையில் விதை சிக்கியிருந்தால் எடுக்க முயலாதீர்கள், புதியது வாங்குங்கள். கூடார முளைகளைக் கழுவிவிட்டு, முளைப் பையையும் கழுவுங்கள். (பையை மறந்தவன் சொல்கிறேன்.)

விமான நிலையத்தோடு இது முடிவதில்லை. வடக்குத் தீவின் கவ்ரி மரங்களை வேரோடு அழுகச் செய்யும் நோய் மண்ணில் பரவுகிறது. காலணியில் ஒட்டும் துளி மண் போதும். 2018இல் ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாக்கரே மலைகளில் காட்டுப் பகுதிகளை மூடியே விட்டார்கள். அதற்கு முன்பே அங்குள்ள பூர்வகுடிகளான மவோரி மக்கள் ராஹுயி, அதாவது நுழையத் தடை, அறிவித்திருந்தார்கள். கவ்ரி காட்டுப் பாதைகளின் வாயிலில் பிரஷ்ஷும் கிருமிநாசினித் தொட்டியும் இருக்கும். முதலில் பிரஷ், பிறகு மருந்து. மண் படிந்த காலணியில் மருந்தடித்துப் பயனில்லை. இதைத் தலைகீழாகச் செய்தவனும் நான்தான்.

5. பொறிவரிசையில் ஒரு நாள்

அகலமான மரப்பெட்டி. அதன் நுழைவில் கம்பி வலை, அதற்குள் இன்னொரு வலை. இரண்டின் துளைகளும் நேருக்கு நேர் இருக்காது. ஸ்டோட் வளைந்து நுழையும், பறவை நுழைய முடியாது. உள்ளே டி.ஓ.சி. 200 என்ற எஃகுப் பொறி. அதன் ஸ்பிரிங் விரல் எலும்பை ஒடித்துவிடும். இழுத்துப் பூட்டும் கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள், பாதுகாப்புக் கொக்கி மாட்டாமல் இரையைச் சரிசெய்யாதீர்கள். இரை பெரும்பாலும் கோழிமுட்டை அல்லது உலர்ந்த முயல் இறைச்சி.

முதல் வாரம் நாற்றம் பிரச்சினை. இரண்டாம் வாரம் பழகிவிடும். மூன்றாம் வாரம்தான் ஆபத்து, கவனம் சிதறும். பொறி விழுந்திருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. இதையும் எழுத வேண்டும். நான் காலியான பெட்டிகளை எழுதாமல் நான்கு நாள் விட்டுவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் கோபிக்கவில்லை, மறுபடி நடக்கச் சொன்னார். ஸ்டோட் எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்பது அந்தக் காலிப் பெட்டிகளிலிருந்துதான் தெரியும்.

இதற்கெல்லாம் என்ன பலன் என்று கேட்பீர்கள். ஸ்டோட் போன்ற வேட்டையாடும் விலங்குகளைக் கட்டுப்படுத்தாத காட்டில் கிவிக் குஞ்சுகளில் ஏறக்குறைய 95 சதவீதம் வளர்வதற்குள் செத்துவிடுகின்றன. ஒரு கிலோ எடையை எட்டிய குஞ்சு ஸ்டோட்டை எதிர்த்து நிற்கும். அந்த ஒரு கிலோ வரைக்கும் காவல், அவ்வளவுதான் வேலை. 2050க்குள் எலி, ஸ்டோட், போஸம் என்ற மரமேறும் விலங்கு எல்லாவற்றையும் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று அரசு 2016இல் இலக்கு வைத்திருக்கிறது. நடக்குமா என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு பதில், எல்லோரும் மறுநாள் காலை ஏழரைக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு சின்னக் கதை. மர்ச்சிசன் மலைகளில் கியா என்ற மலைக்கிளிகள் குச்சியைக் கொண்டுவந்து பொறிப்பெட்டிக்குள் நுழைத்துப் பொறியை விழச் செய்கின்றன. ஆய்வாளர்கள் கேமரா வைத்து உறுதி செய்த செய்தி இது. அந்தக் கிளியைக் காப்பாற்றவும்தான் பொறியே வைத்திருக்கிறார்கள்.

6. உயிரோடு திரும்ப

பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் மீட்புக் குழுவை அழைக்கும் கருவி) ஒன்றை வாடகைக்கு எடுங்கள். செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகளும் உண்டு. எனக்குப் பீக்கன்தான் பிடிக்கும், சார்ஜ் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஆறு ஏறியிருந்தால் கடக்காதீர்கள், காத்திருங்கள். மேற்குப் பக்கத்து மழை சாதாரணமானதல்ல. மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் பெய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கே 'நியூசிலாந்துச் சாவு' என்று பெயர் இருந்தது.

பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய கம்பளி போதும். குறிப்பெடுக்கப் பென்சில், பேனா மழையில் அழிந்துவிடும். சாண்ட்ஃபிளை என்னும் குட்டி ஈ கடிக்கும். நிற்காமல் நடப்பதைவிடச் சிறந்த மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுக் கிளம்பிய ஒருவர், காப்பீடு தேவையா, விபத்துக்கு அரசே பார்க்குமாமே என்று கேட்டார். உண்மைதான். ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் அங்கே காயமடையும் வெளிநாட்டவருக்கும் சிகிச்சை உதவி தரும். ஆனால் நோய்க்குத் தராது. காய்ச்சல், குடல்வால், பயணம் ரத்தாவது எல்லாம் உங்கள் தலையில். ஆகவே காப்பீடு எடுங்கள்.

புதிய பூட்ஸையே வாங்கிக்கொண்டு போனால் கழுவும் தொல்லை இல்லையே என்றார் இன்னொருவர். எல்லையில் தொல்லை இல்லை, சரி. மூன்றாம் நாள் குதிகாலில் வந்த கொப்புளத்தின் படத்தை அவரே அனுப்பியிருக்கிறார்.

குடிலில் தங்குபவர்களுக்கு ஒன்று: வெகா என்றொரு பறக்காத பறவை உண்டு. கோழி அளவு, திருட்டு முழி. வாசலில் வைத்த எதையும் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும். என் நகபிரஷ் அப்படித்தான் போனது. இரண்டாக எடுத்துப் போங்கள்.