பூசணிக்காய் பின்னால் பறந்த கதை

எடை கட்டி இயக்கும் எங்கள் கவண்பொறியில் முதல் பூசணிக்காய் முன்னால் போகவே இல்லை. நேர் மேலே எழும்பி, எங்களுக்குப் பின்னால் விழுந்து சிதறியது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை.

பொறியின் கை நுனியில் காயைத் தாங்கும் கவண் கயிற்றின் வளையத்தை மாட்டும் கம்பி நேராக இருந்ததுதான் கோளாறு. வளையம் சீக்கிரமே நழுவிவிட்டது. கம்பியைக் கொஞ்சம் முன்பக்கமாக வளைத்தேன். காய் தாழ்வாகப் பாய்ந்தது. ரொம்ப வளைத்தால் எதிரே தரையில் மோதும் (அதையும் பார்த்தாயிற்று).

பூசணிக்காய் எறியும் போட்டியன்று பார்வையாளர்களைப் பக்கவாட்டில், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிறுத்தினோம். பொறியின் பின்பக்கமும் காலி. எடையைத் தூக்கியதும் கைக்குப் பூட்டு முளை போட்டோம். காயை வைத்தவர் விலகிக் குரல் கொடுத்த பிறகே முளையை உருவி, விசையை நீளக் கயிற்றால் இழுத்தோம். அழுகல் காய்க்கு மட்டும் அனுமதியில்லை. பறக்கும்போதே உடைந்தால் துண்டுகள் எங்கே விழும் என்று யார் கண்டார்?