கேட், ஸாட், ஜிமேட்: எது உங்களுக்குக் கஷ்டம் என்று அளப்பது எப்படி?

எம்பிஏ சேர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த எக்ஸாம் ஈஸி?" என்பதுதான். கேட் (CAT), ஸாட் (XAT), ஜிமேட் (GMAT), என்மேட் (NMAT), ஸ்நாப் (SNAP) எல்லாமே எம்பிஏ நுழைவுத் தேர்வுகள். வார இறுதிகளில் கணக்கும் டிஐஎல்ஆரும் (டேட்டாவும் லாஜிக்கும் சேர்ந்த பகுதி) சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும் என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. பி.காம் படித்த ஒரு பெண் என்மேட்டில் அசத்திவிட்டு, கேட் மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) டிஐஎல்ஆர் செட் (ஒரே தகவலை வைத்து வரும் சில கேள்விகள்) ஒன்றைக்கூட முடிக்க முடியாமல் தவித்தாள். அதே வகுப்பில் இருந்த மெக்கானிக்கல் பையனுக்கு டிஐஎல்ஆர் விளையாட்டு. ஆனால் என்மேட்டின் ஆங்கிலப் பகுதியில் பாதி தாண்டுவதற்குள் அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் எப்படி ஒரே பட்டியலைக் கொடுப்பது?

அதனால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். சில பழைய வினாத்தாள்கள், ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

பர்சன்டைலை ஒதுக்கி வையுங்கள்

"கேட்டில் 90, ஸாட்டில் 95. அப்போ ஸாட்தானே சுலபம்?" இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. உங்களுக்குப் பின்னால் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் பர்சன்டைல் சொல்கிறது. கேள்வி எவ்வளவு கடினம் என்று அது சொல்வதில்லை. 2024 கேட்டை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அதில் 99 பர்சன்டைல் என்றால் முதல் 2,900 பேருக்குள் வந்திருக்கிறீர்கள். வேறொரு தேர்வில் கூட்டமும் வேறு, அதன் தரமும் வேறு. அந்த 99-ஐயும் இந்த 99-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். வரிசை பெரிதாக மாறாது. கேட் ஒரே நாளில் மூன்று ஸ்லாட்டாக (வேளையாக) நடக்கிறது. மதிப்பெண்களைச் சமன்செய்துதான் முடிவு வெளியிடுகிறார்கள். ஆகவே "இரண்டாவது ஸ்லாட் ரொம்ப டஃப்பாம்" என்ற பேச்சை வைத்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய தாள்களை எடுக்கும்போது வருடத்தைப் பார்த்து எடுங்கள். 2015 முதல் 2019 வரை கேட் மூன்று மணி நேரம், 100 கேள்விகள். 2020-இல் இரண்டு மணி நேரமாகவும் 76 கேள்விகளாகவும் சுருங்கியது. அடுத்த வருடம் 66, 2024-இல் 68. ஒரு அண்ணன் 2017-இல் எழுதிய அனுபவத்தைச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து நேரக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்விக்கு எத்தனை நொடி?

முதல் அளவு நேரம். மொத்த நேரத்தைக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இப்படி வரும். ஸ்நாப்: 60 நிமிடத்தில் 60 கேள்வி, ஆக 60 நொடி. என்மேட்: 120 நிமிடத்தில் 108 கேள்வி, சுமார் 67 நொடி. கேட்: 120 நிமிடத்தில் 68 கேள்வி, சுமார் 106 நொடி. ஜிமேட்: 135 நிமிடத்தில் 64 கேள்வி, சுமார் 127 நொடி. ஸாட் 2025-இன் முதல் பகுதி: 170 நிமிடத்தில் 75 கேள்வி, 136 நொடி.

இதைப் பார்த்தால் ஸ்நாப்தான் பயங்கரம், ஸாட் நிதானம் என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு படி போக வேண்டும்: நீங்கள் நினைக்கும் கல்லூரிக்குப் போக எத்தனை கேள்வியைத் தொட வேண்டும்?

கேட்டில் சமீப வருடங்களில் 99 பர்சன்டைலுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதிகூடத் தேவைப்படவில்லை. சரியான பதிலுக்கு 3, தவறான பதிலுக்கு ஒன்று கழியும். 204-க்கு 95 எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 35 சரி, 10 தவறு என்றால் 105-இல் 10 போக 95. தொட்டது 45 கேள்வி. 7,200 நொடியை 45-ஆல் வகுத்தால் 160 நொடி. கேட்டின் உண்மையான வேகம் அதுதான், 106 இல்லை. மீதி 23 கேள்விகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர மனசு வருகிறதா என்பதைத்தான் கேட் பெரும்பாலும் சோதிக்கிறது.

என்மேட்டில் கதை தலைகீழ். தவறுக்கு மதிப்பெண் கழியாது, கேள்வியைத் தாண்டிப் போகவும் வழியில்லை. எல்லாவற்றையும் தொட்டே ஆக வேண்டும். அதிலும் மொழிப் பகுதிக்கு 36 கேள்வி, 28 நிமிடம், அதாவது கேள்விக்கு 47 நொடிதான். அந்த மெக்கானிக்கல் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்கும் பழக்கம் அவனுக்கு. கேட்டின் பத்திகளில் அந்தப் பழக்கம் உதவியது, என்மேட்டில் காலை வாரியது.

ஒவ்வொரு தேர்வுக்கும் இந்த இரண்டாவது எண்ணைக் கண்டுபிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

தவறான பதிலுக்கு என்ன விலை?

இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கேட்டில் நான்கு விருப்பம் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கில் ஒரு முறை 3 கிடைக்கும், மூன்று முறை ஒன்று போகும். சராசரி பூஜ்ஜியம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பதிலை நாமே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குக் கழிவு கிடையாது என்பதால் அவற்றைக் காலியாக விட்டு வராதீர்கள்.

ஸாட்டில் ஐந்து விருப்பங்கள், சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. சராசரி இங்கேயும் பூஜ்ஜியம். ஆனால் ஸாட்டில் வேறெங்கும் நான் பார்க்காத ஒரு விதி உண்டு: பொது அறிவு நீங்கலாக எட்டுக் கேள்விகளுக்கு மேல் காலியாக விட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 0.10 கழியும். அப்படியென்றால் ஒன்பதாவது கேள்வியைக் காலியாக விடுவதைவிட ஏதாவது ஒன்றைக் குறிப்பது சராசரியில் மேல்! கேட்டில் "தெரியாததைத் தொடாதே" என்று ஊறிப்போனவர்கள் ஸாட்டில் இந்தக் கழிவைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்நாப்பில் நான்கு விருப்பம், கழிவு கால் பங்கு. குருட்டாம்போக்கில் குறித்தாலும் சராசரி கொஞ்சம் நமக்குச் சாதகம்தான். ஜிமேட்டில் தவறுக்குத் தனியாகக் கழிவு இல்லை, ஆனால் பகுதியை முடிக்காமல் விட்டால் அடி விழும். கடைசி நிமிடத்தில் மீதம் இருப்பதையெல்லாம் குறித்துவிட வேண்டும்.

அந்தத் தேர்வுக்கே உரிய பகுதி

எல்லாவற்றிலும் கணக்கும் ஆங்கிலமும் லாஜிக்கும் வரும். வித்தியாசம் மிச்சத்தில் இருக்கிறது.

ஸாட்டில் அது டெசிஷன் மேக்கிங். ஒரு சிறு நிறுவனம், ஒரு மேலாளர், கோபத்தில் இருக்கும் ஊழியர், நடுவில் ஒரு வாடிக்கையாளர். இப்போது என்ன செய்வது? சூத்திரம் கிடையாது. இரண்டு விருப்பங்கள் சரி போலவே இருக்கும். கணக்கில் கெட்டிக்காரர்கள் இங்கே எரிச்சலாவதைப் பார்த்திருக்கிறேன். ஸாட்டை நடத்தும் எக்ஸ்எல்ஆர்ஐ கல்லூரியின் பழைய தாள்களையே திரும்பத் திரும்பப் போட்டு, கேள்வி அமைப்பவர்கள் எந்த மாதிரி பதிலை விரும்புகிறார்கள் என்று பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. கோச்சிங் புத்தகங்களில் வரும் மாதிரிக் கேள்விகளில் அந்தச் சாயல் பெரும்பாலும் இருப்பதில்லை.

கேட்டில் அது டிஐஎல்ஆர். 40 நிமிடத்தில் எந்த செட்டை எடுப்பது என்று முடிவு செய்வதே பாதி வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம் பூட்டப்பட்டிருப்பதால், ஆங்கிலத்தில் மிச்சப்படுத்திய நேரத்தை இங்கே கொண்டுவரவும் முடியாது.

ஜிமேட் 2023 நவம்பரில் புது வடிவத்துக்கு மாறியது. குவான்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கிலம்), டேட்டா இன்சைட்ஸ் (அட்டவணை, வரைபடங்களை வைத்த கேள்விகள்) மூன்றுக்கும் தலா 45 நிமிடம். வடிவியல் போய்விட்டது, வாக்கியத் திருத்தமும் போய்விட்டது. குவான்டில் கால்குலேட்டர் கிடையாது, டேட்டா இன்சைட்ஸில் உண்டு. கேட்டில் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும், அதற்குப் பழகியவர்களுக்கு ஜிமேட் குவான்டின் முதல் பத்து நிமிடம் திணறலாக இருக்கும்.

இன்னொன்று. ஜிமேட்டில் நீங்கள் சரியாகச் செய்யச் செய்ய அடுத்த கேள்வி கடினமாகும். நன்றாக எழுதியவர்தான் "உயிர் போய்விட்டது" என்று வெளியே வருவார். எனவே ஜிமேட் எழுதியவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நோட்டு போடுவது இப்படி

கேட்டின் ஒரு சமீபத்திய தாள், ஸாட்டின் ஒன்று, ஜிமேட் நடத்துபவர்களே இலவசமாகத் தரும் இரண்டு பயிற்சித் தேர்வுகளில் ஒன்று, என்மேட் அல்லது ஸ்நாப் மாக் ஒன்று. வாரத்துக்கு ஒன்றாக, தேர்வு நேரத்தை அப்படியே கடைப்பிடித்து எழுதுங்கள். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள்.

மதிப்பெண்ணை உடனே பார்க்க வேண்டாம். அடுத்த நாள், நேரம் வைக்காமல், விட்ட கேள்விகளையும் சந்தேகமாகக் குறித்தவற்றையும் மறுபடி போடுங்கள். ஜிமேட் மாதிரி, அடுத்த நாள் அந்தக் கேள்விகளுக்குத் திரும்பப் போக முடியாதவற்றில், விடைகள் வந்தபின் தவறானவற்றை விளக்கத்தை மறைத்துக்கொண்டு போடலாம். அப்புறம்தான் விடைகளோடு ஒப்பிட வேண்டும். தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்து: நிதானமாகப் போட்டும் வரவில்லை என்றால் "பா" (பாடம் தெரியவில்லை). நிதானமாகப் போட்டதும் வந்துவிட்டது என்றால் "நே" (நேரம் போதவில்லை). நான்கு நிமிடம் செலவழித்தும் கிடைக்கவில்லை, தொட்டே இருக்கக் கூடாது என்றால் "தே" (தேர்வு செய்ததில் தப்பு).

மூன்று எழுத்தையும் தேர்வு வாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரு தேர்வில் "பா" அதிகம் என்றால் அதுதான் உங்களுக்கு நிஜமாகவே கடினமான தேர்வு. பாடத்தைப் படிக்க மாதங்கள் ஆகும். "நே" அதிகம் என்றால் பயிற்சியில் சரியாகும், ஆனால் ஒரு எல்லை உண்டு: ஆங்கிலம் படிக்கும் வேகம் சில வாரங்களில் இரட்டிப்பாகாது. "தே"தான் சீக்கிரம் சரியாகக்கூடியது. "தே" நிறைந்த தாளைப் பார்த்து "இது என்னால் ஆகாது" என்று விட்டவர்கள் பலர். உண்மையில் அவர்களுக்கு மிக அருகில் இருந்த தேர்வு அதுதான். நான் முதலில் சொன்ன பி.காம் பெண்ணின் டிஐஎல்ஆர் பக்கம் முழுக்க "தே". அடுத்த மாக்குகளில் முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லா செட்டையும் படிக்க மட்டும் வைத்தேன். இரண்டு செட் முடிக்க ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு தாளை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். தேர்வுக்கு இரண்டு தாளாவது போட்டால்தான் எண்ணிக்கை ஒரு நிலைக்கு வரும்.

எத்தனை வாய்ப்பு?

கேட் வருடத்துக்கு ஒரு முறைதான், வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. அன்று காய்ச்சல் என்றால் அடுத்த வருடம்தான். ஸ்நாப்பையும் என்மேட்டையும் ஒரே சீசனில் மூன்று முறை வரை எழுதலாம். ஜிமேட்டை 12 மாதத்துக்குள் ஐந்து முறை எழுதலாம், இடையில் 16 நாள் இடைவெளி வேண்டும். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். பரீட்சை ஹாலில் பதற்றப்படுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பாடத்திட்டத்தைவிடப் பெரியது.

ஐஐஎம்களில் பகுதிவாரி கட்-ஆஃபும் உண்டு. கணக்கில் 99 எடுத்து ஆங்கிலத்தில் சறுக்கினால் மொத்தம் நன்றாக இருந்தும் இன்டர்வியூவுக்கு அழைப்பு வராது. 10, 12, டிகிரி மதிப்பெண்களையும் பார்க்கிறார்கள். அதாவது பள்ளி மதிப்பெண் குறைவாக உள்ளவருக்கு அதே கேட், அதே வினாத்தாள், கூடுதல் கஷ்டம். இதை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள், மாக் டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டு தேர்வுகள் ஏறக்குறைய சமமாக வந்தால், தேதியை வைத்து முடிவு செய்யுங்கள். கேட்டுக்கும் ஜனவரி முதல் ஞாயிறு வரும் ஸாட்டுக்கும் நடுவே சுமார் ஐந்து வாரம் இருக்கிறது. கேட்டுக்குப் படித்த கணக்கும் ஆங்கிலமும் அப்படியே உதவும். அந்த ஐந்து வாரத்தையும் டெசிஷன் மேக்கிங்குக்கே கொடுக்கலாம். பொது அறிவு பர்சன்டைலில் சேராது என்பதால் அதற்குத் தினமும் அரை மணி நேரம் போதும். கேட்டும் ஜிமேட்டும் சமமாக வந்தால், கேட்டை முடித்துவிட்டு ஜனவரிக்குப் பிறகு ஜிமேட்டுக்குத் தேதி எடுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொண்டால் ஒன்றில் விட்டுவிட்டு நகர வேண்டும், மற்றதில் விடவே கூடாது, கை குழம்பிவிடும்.